பாதாளக்கரண்டித் தொங்கல்

மூன்று வருஷமாக அன்னாள் எந்தப் பிள்ளையின் முகத்தையும் பார்த்ததில்லை. கையைத்தான் பார்த்தாள். இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி எதிரே வந்தால் போதும், அன்னாளின் கண் நேரே அந்தப் பிள்ளையின் மணிக்கட்டில் போய் விழும். காப்பு கிடக்கிறதா? காப்பில் தொங்கல் கோத்திருக்கிறதா? கோத்திருந்தால் மீனா, ஆமையா, சங்கா, சாவியா? எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான், "நல்லாருக்கியா தாயி" என்று பிள்ளையின் தாயைக் கேட்பாள்.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அவளுக்குத் தொங்கல் வாங்குகிற வாத்தியாரம்மா என்று பேர். வளையம் அறுந்தது, மூக்கு தேய்ந்தது, ஜோடி தொலைந்தது என்று எந்த வெள்ளித் தொங்கலைக் கொண்டு போனாலும் வாங்கிக்கொள்வாள். குன்றிமணி அளவில் தங்க மாங்காய் வந்தாலும் வாங்குவாள். வேண்டியவர்களுக்கு அதையே திருப்பி விற்பாள். புருஷன் போன பிறகு பிழைப்புக்கு நல்ல வழி கண்டுபிடித்துவிட்டாள் என்று ஊர் பேசிக்கொண்டது. ஊருக்கென்ன, வாய்க்கு வந்ததைப் பேசும். அவள் வாங்கிக் குவித்தது நூறு தொங்கல். தேடியது ஒன்றே ஒன்று. அது யார் கையில் இருக்கிறதோ அவன்தான் அவள் பிள்ளையைக் கொன்றவன்.

பரிபூரணத்துக்கு அப்போது நாலு வயது. முப்பத்து மூன்றாம் வருஷம் மாசி மாதம், பட்டப்பகலில், வீட்டுக்குப் பின்னால் இருந்த, மாடு கட்டி இறைக்கிற கமலைக் கிணற்றில் அவளைப் போட்டிருந்தார்கள். கிணற்று வேலைக்காரன் சோணைமுத்து இறங்கித்தான் தோளில் போட்டுத் தூக்கி வந்தான். கழுத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. தானாக விழுந்த பிள்ளை இல்லை, நெரித்துப் போட்ட பிள்ளை. இடது கையில் காப்பு இல்லை. உருவி எடுத்த வேகத்தில் மணிக்கட்டிலிருந்து கட்டைவிரல் வரை தோல் உரிந்து வெளுத்துக் கிடந்தது. அன்னாள் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். சவப்பெட்டியில் வைக்கிற நேரத்தில் மூன்று பேர் சேர்ந்து அவள் விரல்களைப் பிரித்தார்கள்.

அந்தக் காப்பைப் பிள்ளைக்குப் போட்டது தாய்மாமன் வேதசிரோமணி, அன்னாளின் உடன்பிறந்த தம்பி. மாமன் காப்புப் போடுவது முறை, அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அதிசயமெல்லாம் தொங்கலில்தான். ஊரில் இருந்த வெள்ளைக்காரப் பாதிரியாரின் துரைசானி தன் கையில் தங்கச் சங்கிலி ஒன்று போட்டிருந்தாள். அதில் ஒரு சிலுவையும், ஒரு நங்கூரமும், ஒரு இதயமும் குட்டிக் குட்டியாக ஆடிக்கொண்டிருக்கும். விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று அவற்றுக்கு அர்த்தம் சொன்னாளாம். அன்னாளின் புருஷன் தேவஇரக்கம் பள்ளிக்கூடத்து வாத்தியார். கேட்டதும் உருகிப் போய், மகளின் காப்பிலும் அந்த மூன்றும் வெள்ளியில் தொங்க வேண்டும் என்று சங்கரலிங்கம் ஆசாரியிடம் போய் நின்றார்.

சிலுவை சரியாக வந்தது. இதயம் என்றதை ஆசாரி அரசிலையாக அடித்து, நடுவில் நரம்பும் கீறி வைத்தார். நங்கூரம்தான் வினை. கடலையே பார்க்காத மனுஷனிடம் வாத்தியார், "கயித்துல கட்டித் தண்ணிக்குள்ள எறக்குத இரும்புக் கொக்கி" என்று விளக்கம் சொன்னார். ஆசாரிக்கு உடனே விளங்கிவிட்டது. கிணற்றில் விழுந்த வாளியைத் துழாவி எடுக்கிற பாதாளக்கரண்டியை அடித்துக் கொடுத்துவிட்டார். ஒரு தண்டு, அதைச் சுற்றி ஆறு கொக்கி, மேலே ஒரு வளையம். வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். அன்னாள் வயிறு வலிக்கச் சிரித்தாள். உலகத்தில் எந்தப் பிள்ளை கையிலும் இப்படி ஒரு தொங்கல் கிடக்காது என்று தூக்கித் தூக்கிக் காட்டினாள்.

அந்தத் தொங்கலை வைத்துத்தான் கொலைகாரனைப் பிடிக்கலாம் என்று அவள் நம்பினாள். மீனும் ஆமையும் ஆயிரம் இருக்கும். வெள்ளியில் பாதாளக்கரண்டி எவன் வைத்திருப்பான்?

மறுவருஷம் காலராவில் வாத்தியாரும் போய்ச் சேர்ந்தார். மிஞ்சியது தம்பி ஒருவன். குழிக்குள் பிள்ளையின் பெட்டி இறங்கும்போது மண்ணில் புரண்டு அழுதவன் அவன். "அந்தக் கையை வெட்டாம விடமாட்டேன்க்கா" என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவன். சேவல்கட்டு, சீட்டு என்று அலைந்த பயல், அக்காளுக்காக வண்டி பூட்டி ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போனான். இவனைப் பெற்ற வயிறு குளிரட்டும் என்று அன்னாள் ஜெபம் பண்ணும்போதெல்லாம் சொல்லிக்கொள்வாள்.

கூமாப்பட்டியில் ஒரு பிள்ளையின் காப்பில் ஏதோ கொக்கிபோல் தெரிந்ததும் பாய்ந்து அந்தக் கையை முறுக்கிவிட்டாள். பிள்ளை வீறிட்டது. பெற்றவள் புடைத்துக்கொண்டிருந்த சுளகைத் திருப்பி அன்னாள் முகத்தில் அடித்தாள். உதடு கிழிந்து ரத்தம் ஒழுக ஒழுக, "கையைக் காட்டச் சொல்லு, கையைக் காட்டச் சொல்லு" என்று நின்றாள். பார்த்தால் அது நண்டுத் தொங்கல். ஆலங்குளம் பக்கம் ஒரு வளையல் வியாபாரியின் பெட்டியில் வெள்ளிச் சிலுவை ஒன்று இருந்தது. அதைக் கண்ட மாத்திரத்தில் வேதசிரோமணி அவனைக் கீழே தள்ளி, நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, கல்லால் வாயிலேயே இடித்தான். இரண்டு பல் மண்ணில் தெறித்தது. வாங்கிய கடையை அந்த ஆள் அழுதுகொண்டே சொன்ன பிறகும் அடி நிற்கவில்லை. அன்னாள்தான் இழுத்துவிட்டாள். இழுத்துவிட்டாளே தவிர, தம்பிக்கு இருக்கும் வெறியைப் பார்த்து அவள் மனசு நிறைந்திருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முப்பத்தாறாம் வருஷம் ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர். வேதக்காரிக்குத் தேரில் என்ன வேலை என்று கேட்கலாம். ஆயிரம் பிள்ளைகள் கையில் நகையோடு ஒரே தெருவில் கூடுகிற நாள் அது. வடம் இழுக்கிற இரைச்சலுக்கு நடுவில், பந்தல் கால் ஓரமாக, கறுத்த ஒருத்தி ஆறேழு மாதப் பிள்ளைக்குப் பாலூட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் கை அவள் முந்தானையைப் பிடித்திருந்தது. காப்பிலிருந்து ஒற்றைத் தொங்கல் ஆடியது. ஒரு தண்டு, ஆறு கொக்கி, மேலே வளையம்.

அன்னாள் பக்கத்தில் நின்ற தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். வேதசிரோமணி பார்த்தான். அவன் முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. செத்தவர் எழுந்து வந்ததைப் பார்த்த ஆள்போல வாயைத் திறந்தபடி நின்றான். பிள்ளைமேல் எம்புட்டுப் பாசம் இருந்தால் இப்படி ஆகும் என்று அன்னாள் அந்த நேரத்திலும் நினைத்தாள்.

"யாரு வீட்டுப் பிள்ளைம்மா?" என்று குரலை அடக்கிக் கேட்டாள்.

"கெணத்து வேலை பாக்காவள்ல, சோணைமுத்து, அவிய பிள்ளை. நான் அவிய பொஞ்சாதி பெத்தம்மா" என்று சிரித்தாள் அவள்.

சோணைமுத்து! கிணற்றிலிருந்து பிணத்தைத் தூக்கி வந்தவன். கையில் காப்பு இல்லை என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னவன். அன்னாள் அப்படியே அந்தப் பெண்ணின் மயிரைப் பிடித்திருப்பாள். தம்பிதான் அவளைக் கூட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு போனான்.

"இப்ப ஒண்ணும் கேக்காதக்கா. கேட்டா அழிச்சிருவான்."

"ஆசாரிட்டப் போயி ஒரு வார்த்தை கேட்டுக்கிருவோம்லே. அவரு அடிச்சதை அவருக்குத் தெரியும்ல."

"ஆசாரி போலீசுக்குச் சொல்லுவான். போலீசு கூட்டிட்டுப் போயி ஆறு மாசம் சோறு போட்டு வெளிய விடும். நீ மூணு வருசமா அலைஞ்சது அதுக்குத்தானா?"

அதற்கு அவள் அலையவில்லை. அதனால் ஆசாரியிடம் போகவில்லை.

நாலாம் நாள் மத்தியானம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் வேதசிரோமணி குத்தகைக்கு எடுத்திருந்த தோட்டம். அங்கிருந்த கிணற்றில் அன்னாள் தன் பித்தளைக் குடத்தைத் தன் கையாலேயே தூக்கிப் போட்டாள். அது மூழ்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வழியோடு போன ஒருவனிடம், தன் பேரைச் சொல்லாமல், சோணைமுத்துவை வரச் சொல்லி விட்டாள்.

அவன் தோளில் கரண்டியும் கயிறுமாக வந்தான். "வாத்தியாரம்மா, குடமா? இன்னா எடுத்துருவோம்" என்றான். கரண்டி போட்டுத் துழாவிப் பார்த்தான், அகப்படவில்லை. கயிற்றைக் கல்தூணில் கட்டிவிட்டு உள்ளே இறங்கினான். முங்கி எழுந்து, "கெடைச்சிருச்சு தாயி!" என்று கீழேயிருந்து கத்தினான். கமலை மேட்டுக்குப் பின்னால் வேதசிரோமணி அரிவாளோடு உட்கார்ந்திருந்தான்.

குடத்தைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு கயிற்றைப் பிடித்து ஏறி வந்தான் சோணைமுத்து. கிணற்று விளிம்பில் அவன் இரண்டு கையும் வந்து பதிந்தது. தலை மேலே வந்தது. முகமெல்லாம் தண்ணீர் வழிந்தது.

அன்னாள் குனிந்து கேட்டாள். "ஒன் பிள்ளை கையில கெடக்க தொங்கல் ஏது?"

எந்த நேரத்தில் என்ன கேள்வி என்று அவன் விழித்தான். பிறகு சிரித்தான். "அதா தாயி? ஆசையா நாந்தான் ஆசாரிட்டச் சொல்லி..."

முடிக்கவில்லை. அரிவாள் அவன் வலது கையில் விழுந்தது. மணிக்கட்டோடு கை விளிம்பிலேயே தங்கிவிட்டது. அவன் கத்தவில்லை, என்ன நடந்தது என்று விளங்காமல் அன்னாளையே பார்த்தான். "தாயி, தாயி" என்றான். இடது கையால் அவள் சேலை நுனியைப் பிடித்தான். வேதசிரோமணி இரண்டாவது வெட்டைக் கழுத்தில் வைத்தான். அன்னாள் தன் சேலையை உருவிக்கொண்டாள். குடமும் ஆளுமாக உள்ளே போய் விழுந்த சத்தம் கேட்டது. விளிம்பில் கிடந்த கையை வேதசிரோமணி காலால் எத்திக் கிணற்றுக்குள் தள்ளினான்.

நியாயம் நடந்துவிட்டது என்று அன்னாள் நினைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றினாள். மூன்று வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அவளுக்குப் பசித்துச் சோறு இறங்கியது.

இரண்டு நாளில் வேதசிரோமணியைப் பிடித்துவிட்டார்கள். ஆடு மேய்த்த கருத்தையா என்பவன், ரத்த வேட்டியோடு அவன் ஓடியதைப் பார்த்திருந்தான். ஓடியதைப் பார்த்தானே தவிர வெட்டியதைப் பார்க்கவில்லை. அன்னாள் பேரை யாரும் சொல்லவில்லை. வக்கீல் சுலபமான வழி சொன்னார். அன்று காலை முதல் பொழுது சாய்கிற வரைக்கும் தம்பி தன்னோடு ராஜபாளையத்து வீட்டில் இருந்தான், சேவல் அறுத்ததில் வேட்டியெல்லாம் ரத்தம் என்று அக்காள் கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். வாத்தியார் பெண்டாட்டி, வேதக்கோயிலில் முன்வரிசையில் உட்காருகிறவள். அவள் வேதத்தின்மேல் கை வைத்துச் சொன்னால் யார் மறுப்பார்கள்? அன்னாளும் சரி என்றாள். மனசார ஒத்துக்கொண்டாள்.

ஆனால் அந்தச் செத்த மனுஷனின் பேச்சு அவளை விடவில்லை. ஆசையா நாந்தான் ஆசாரிட்டச் சொல்லி. சொல்லி என்ன? திருடினவன் ஆசாரி பேரை ஏன் எடுக்கிறான்? சோறு பிசையும்போதும் அதுதான், ஜெபத்தில் கண்ணை மூடினாலும் அதுதான். விசாரணைக்கு முந்தின நாள் காலையில் சங்கரலிங்கம் ஆசாரியின் பட்டறைக்குப் போனாள்.

ஆசாரி குமுட்டி அடுப்பில் கரியைப் போட்டு ஊதிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் ஊதுகுழல் கையிலிருந்து நழுவியது.

"சோணைமுத்து பிள்ளைக்குத் தொங்கல் அடிச்சுக் குடுத்தீரா?"

"அடிச்சேன் தாயி. ரெண்டு மாசம் ஆச்சு."

"என் பிள்ளைக்கு அடிச்ச மாதிரியேவா?"

"அதே மாதிரிதான். அது அவன் கரண்டிதான தாயி! வாத்தியாரு தண்ணிக்குள்ள எறக்குத கொக்கின்னாரு. நான் சோணைமுத்து வீட்டுக்குப் போயி அவன் கரண்டியை வாங்கியாந்து, எதுக்க வச்சுப் பாத்துத்தான் அடிச்சேன். அவனுக்கு அம்புட்டுச் சந்தோசம். எந் தொழிலை வெள்ளியில பண்ணிட்டீரே, எனக்கொரு பிள்ளை பொறந்தா இதே மாதிரி வேணும்னு அன்னைக்கே சொல்லி வச்சான். கல்யாணமாகிப் பத்து வருசம் கழிச்சுப் பொறந்த பிள்ளை தாயி."

அன்னாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு பாவமும் அறியாத மனுஷனைக் கூப்பிட்டுக் கொன்றிருக்கிறோம் என்பது அவளுக்கு முழுசாக உறைத்தது. குடத்தை எடுத்துக் கொடுக்க வந்தவன். கடைசியாக அவளைத் தாயி என்று கூப்பிட்டுச் சேலையைப் பிடித்தவன். அவள் உருவிக்கொண்டாளே!

"அப்ப என் பிள்ளை காப்பு எங்க?" என்றாள்.

ஆசாரி தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவைப் பார்த்ததும், இவருக்குத் தெரியும் என்று அன்னாளுக்கு விளங்கிவிட்டது. எட்டி அவர் கையைப் பிடித்து இழுத்து, தணலுக்கு மேலே நீட்டி அழுத்தினாள். கிழவர் துடித்தார். தோல் கருகுகிற வாடை வந்தது. அவள் விடவில்லை.

"சொல்லும்!"

"உருக்கியாச்சு தாயி! மூணு வருசத்துக்கு முன்னாலயே உருக்கியாச்சு! அன்னைக்கே!"

"யாரு கொண்டாந்தா?"

"போட்டவருதான் தாயி! காப்புப் போட்டவரே கொண்டாந்தாரு!"

அவள் அவர் கையை விட்டாள். ஆசாரி வெந்த கையைத் தண்ணீர்ச் சட்டிக்குள் விட்டுக்கொண்டு அழுதார். "பிள்ளைக்கு இறுகிப் போச்சு, அழிச்சுக் காசாக் குடும், மாமன் பெருசாப் போடப்போறேன்னாரு. போட்ட மாமனே கேக்கும்போது நான் என்னத்தைச் சந்தேகப்படுவேன்? மத்தியானம் பிள்ளை கெணத்துல கெடக்குன்னு சத்தம் கேக்கு. இங்க மூசையில வெள்ளி தண்ணியா நிக்கி. ஈரக்கொலை நடுங்கிப் போச்சு தாயி. வெளிய சொன்னா போலீசுக்காரன் என்னையும் சேத்துல்ல கட்டித் தூக்குவான்?"

"கோர்ட்டுல வந்து சொல்லுவீரா?"

"கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவேன். என்னைக் கொன்னாலும் சரி."

மூன்று வருஷமாக வண்டி பூட்டி அவளை அழைத்துப் போனவன், தேடுகிற பொருள் உலகத்திலேயே இல்லை என்று தெரிந்துதான் அழைத்துப் போயிருக்கிறான். தெரிந்துதான் வளையல்காரனின் பல்லை உடைத்திருக்கிறான். உருக்கின தொங்கல் இன்னொரு பிள்ளையின் கையில் ஆடக் கண்டதும்தான் தேரடியில் அவன் முகம் செத்தது. சோணைமுத்து பேசி முடிப்பதற்குள் அரிவாள் ஏன் அவ்வளவு அவசரப்பட்டது என்பதும் இப்போது தெரிந்தது. நாலு வயதுப் பிள்ளை, மாமா என்று ஓடிப் போயிருக்கும். சீட்டுக் காசுக்காக அவன் காப்பை உருவும்போது, அம்மாட்டச் சொல்லுவேன் என்று அழுதிருக்கும். அன்னாள் தெருவில் நடந்துகொண்டே தன் மார்பில் ஓங்கி ஓங்கி அறைந்துகொண்டாள். பார்த்தவர்கள் விலகிப் போனார்கள்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு. வராந்தாவில் பெத்தம்மாள் பிள்ளையோடு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விலங்கோடு உள்ளே போன வேதசிரோமணி, அக்காளைக் கடக்கும்போது, "வக்கீல் சொன்னதை அப்படியே சொல்லிருக்கா" என்று முணுமுணுத்தான். அவள் தலையை ஆட்டினாள்.

கூண்டில் ஏறி வேதத்தின்மேல் கை வைத்தாள். வக்கீல் கேட்டார்.

"சம்பவத்தன்னைக்கு உங்க தம்பி எங்க இருந்தார்?"

"எம் பிள்ளையைக் கொன்னவன் இவன்தான் எசமான்" என்றாள் அன்னாள். "காப்பை உருவிட்டுக் கழுத்தை நெரிச்சான்."

வக்கீல் பதறிக் குறுக்கே விழுந்தார். இது அந்த வழக்கு இல்லை என்றார். சாட்சி உண்டா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். இல்லை என்றாள். அப்படியானால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு என்று அதட்டினார். இப்படித்தான் ஆகும் என்று அவளுக்கு முன்பே தெரியும். ஆசாரி வரமாட்டார். காப்பு இல்லை, தொங்கல் இல்லை. தன் பிள்ளைக்காக அவனை எந்தக் கோர்ட்டும் ஒன்றும் செய்யாது. அவனைப் பிடிக்க அவளிடம் ஒரே ஒரு கொலைதான் இருந்தது. அதில் அவளும் இருந்தாள்.

"சரி எசமான். கேட்டதுக்கே சொல்லுதேன். அன்னைக்கு இவன் தோட்டத்துக் கெணத்தடியில இருந்தான். நானும் இருந்தேன். குடத்தைக் கெணத்துல போட்டது நான். சோணைமுத்துவைக் கூப்பிட்டது நான். அவன் ஏறி வரும்போது இவன் வலது கையில ஒரு வெட்டு, கழுத்துல ஒரு வெட்டு வெட்டினான். அவன் என் சேலையைப் பிடிச்சான். நான் உருவிக்கிட்டேன்."

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். "நீ சொல்றது உன் கழுத்துக்கும் சேர்த்துத்தான். தெரியுதாம்மா?"

"தெரியும் எசமான். எழுதிக்கிடுங்க."

வேதசிரோமணி விலங்கை இழுத்துக்கொண்டு கம்பியில் மோதினான். "அக்கா! ஏக்கா, ஒனக்கு என்னை விட்டா வேற யாருக்கா இருக்கா?"

"ஒருத்தரும் இல்லலே" என்றாள் அன்னாள். "இருந்தா இப்படிச் சொல்ல முடியுமா?"

கையெழுத்து வாங்கிக்கொண்டு இரண்டு போலீஸ்காரர்கள் அவளை வெளியே கொண்டு வந்தார்கள். உள்ளே சொன்னது அதற்குள் வராந்தாவுக்கு வந்துவிட்டிருந்தது. பெத்தம்மாள் பிள்ளையைத் தரையில் போட்டுவிட்டு எழுந்து ஓடி வந்தாள். அன்னாளின் மயிரைப் பிடித்துத் தூணில் மோதினாள். முகத்திலும் மாரிலும் மாறி மாறி அறைந்தாள். அன்னாளின் நெற்றி பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. ஒரு போலீஸ்காரர் பெத்தம்மாளைப் பிடித்து இழுக்கப் போனார்.

"செத்தப் பொறுங்கய்யா" என்று அவரைத் தடுத்தாள் அன்னாள்.